பள்ளிக்கூடமும் இணைய யுகமும்: பின்தங்கியது எது?

1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவை திறந்துவிடப்பட்டது. அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று பள்ளியில் படிக்கிறார்கள். இந்த ஒரு தலைமுறைக்குள் ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, கடிதப் போக்குவரத்து, செய்தி வாசிப்பு எல்லாம் உருமாறிவிட்டன. வகுப்பறையில் மட்டும் வயதுக்கொரு வகுப்பு, மணிக்கொரு பாடவேளை, ஆண்டுக்கொரு தேர்வு என்ற ஏற்பாடு ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. பள்ளி காலத்தோடு சேர்ந்து நடக்கவில்லை என்ற குற்றச்சாட்டு இங்கிருந்துதான் எழுகிறது.

குற்றச்சாட்டு இணையத்தைவிட மூத்தது. கணினிக் கல்வியின் முன்னோடிகளில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் 1993-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு கற்பனையைச் சொன்னார். நூறாண்டுக்கு முந்தைய அறுவை மருத்துவர்களும் ஆசிரியர்களும் இன்றைக்கு வந்து பார்க்கிறார்கள். அறுவை அரங்கில் நடப்பது மருத்துவர்களுக்கு விளங்கவில்லை. ஆசிரியர்களோ வகுப்பறையில் பெரிய தடுமாற்றம் இல்லாமல் பாடம் நடத்திவிடுவார்கள். இன்றுவரை கல்வி மேடைகளில் இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆனால் அதில் ஒன்று மறைந்துகிடக்கிறது. மருத்துவம் எதற்காக என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. நோயாளி பிழைக்க வேண்டும். பள்ளி எதற்காக என்பதில் அப்படி ஒரு முடிவு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே பள்ளி பின்தங்கிவிட்டதா என்று கேட்பவர், அது எதோடு சேர்ந்து நடந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதுவரை வந்திருக்கும் விடைகள் பிரிவது இந்த இடத்தில்தான்.

எந்த மரபு?

தமிழ்நாட்டில் மரபுவழிப் பள்ளி என்று நாம் சொல்வது ஒரே காலத்தில் உருவானதல்ல. அடியில் இருப்பது திண்ணைப் பள்ளி. அங்கே வயதுவாரி வகுப்போ எழுத்துத் தேர்வோ கிடையாது. மணலும் ஓலையும் எண்சுவடியும் மனப்பாடமும் இருந்தன. 1822 முதல் நான்கு ஆண்டுகள் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி மாவட்ட ஆட்சியர்கள் எடுத்த கணக்கில் 12,498 பள்ளிகள் பதிவாயின. வரலாற்றாய்வாளர் தரம்பால் 1983-இல் அந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டபோது, ஆங்கிலேயர் வருமுன் இங்கே கல்வி செழித்திருந்தது என்ற வாதத்துக்கு அவை அடிப்படையாயின. அதே ஆவணங்களில் பெண் குழந்தைகள் அநேகமாக இல்லை. பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட சாதிகளும் உண்டு. இதை மறந்துவிட்டுத் திண்ணையைக் கொண்டாட முடியாது. அதேசமயம், திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தை வெறும் உருப்போடல் என்று தள்ளிவிடவும் முடியாது. நிலம் அளப்பது, நெல் அளப்பது, கூலி கணக்கிடுவது ஆகிய அன்றாட வேலைகளோடு பிணைந்த ஒரு கற்றல் முறையாகவே நினைவாற்றல் அங்கே இயங்கியது என்று கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு காட்டியிருக்கிறார்.

அதற்கு மேல் அமர்ந்தது மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறை. எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு தம் முறையை வகுத்தார். இங்கிலாந்துக்குப் போன அது 'மெட்ராஸ் முறை' என்றே அங்கே பெயர் பெற்றது.

மூன்றாவது அடுக்கு தேர்வு. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி மெட்ரிகுலேஷன் தேர்வை நடத்தத் தொடங்கியபின், பள்ளியின் கண் அரசு வேலைக்கான அந்த வாசலின் மேலேயே பதிந்தது. தொழிற்சாலைக்கு ஆள் தயாரிக்கவே பள்ளி உருவானது என்ற பிரபலமான விளக்கம் மேற்குக்கே எவ்வளவு பொருந்தும் என்பதில் விவாதம் உண்டு. தொழிற்சாலைகள் அரிதாக இருந்த அன்றைய சென்னை மாகாணத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. இங்கே பள்ளி உருவாக்கியது எழுத்தர்களை.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓலை போய்க் காகிதம் வந்தபோதும், அச்சுப் பாடநூல் மலிந்தபோதும் பள்ளி மாறியது. புதிய கருவியை ஏற்கவே ஏற்காத நிறுவனம் அல்ல அது. மாறாமல் இறுகிப்போனது மூன்றாவது அடுக்குதான்.

கருவியை நம்பியவர்கள்

முதல் விடை கருவிகளைச் சார்ந்தது: பள்ளி பின்தங்கக் காரணம் அதனிடம் புதிய கருவி இல்லாததே; கொடுத்தால் சரியாகிவிடும். 1913-இல் தாமஸ் எடிசன், திரைப்படம் வந்துவிட்டதால் பள்ளிகளில் புத்தகம் விரைவில் வழக்கொழியும் என்று கணித்தார். வானொலியைப் பற்றியும் தொலைக்காட்சியைப் பற்றியும் இதே கணிப்புகள் வந்தன. இந்தியாவில் 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, நாசாவின் செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அளவிலும் துணிச்சலிலும் அது பெரிய முயற்சி. இரவல் வாங்கிய செயற்கைக்கோள் விலகியதோடு முடிந்தது. 1984-இல் நடுவண் அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. 2011-இல் தமிழ்நாடு மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது.

அமெரிக்கக் கல்வி வரலாற்றாய்வாளர் லாரி கியூபன் 1986-இல் வெளியான நூலில் இந்தச் சுழற்சியை விளக்கினார். முதலில் பெரும் எதிர்பார்ப்பு. பின்பு கருவி நல்லது என்று காட்டும் ஆய்வுகள். பிறகு வகுப்பறையில் அது அரிதாகவே பயன்படுவது தெரியவருகிறது. கடைசியில் பழி ஆசிரியர்மேல் விழுகிறது. நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் ஒரே பாடத்தில் கட்டிவைத்து ஆண்டிறுதிக்குள் முடித்தாக வேண்டிய ஆசிரியர், தம் வேலையை எளிதாக்கும் கருவியைத்தான் கையில் எடுப்பார் என்பது கியூபனின் வாதம். கரும்பலகை நிலைத்ததற்கும் படச்சுருள் நிலைக்காததற்கும் காரணம் இதுவே.

கருவி நம்பிக்கைக்குக் கிடைத்த மிகத் தெளிவான சோதனை பெரு நாட்டில் நடந்தது. நிகோலஸ் நெக்ரொபான்டி 2005-இல் அறிவித்த 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் அதிகமாக வாங்கிய நாடு அது. முந்நூறுக்கும் மேற்பட்ட கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. கணினி கிடைத்த பிள்ளைகளிடம் கணிதத்திலோ மொழியிலோ முன்னேற்றம் தென்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறன் தேர்வுகளில் மட்டும் ஓரளவு நன்மை தெரிந்தது. 2015-இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வெளியிட்ட பன்னாட்டு ஒப்பீடும், பள்ளிக் கணினிகளில் அதிகம் செலவிட்ட நாடுகளின் பிஸா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வு மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க ஏற்றம் காணவில்லை.

கருவியால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. டெல்லியில் அரசுப் பள்ளி நடுநிலை வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளி முடிந்தபின் தனி மையங்களில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளைக் கொடுத்து கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆறாம் வகுப்பு மாணவர் சராசரியாகக் கணிதத்தில் சுமார் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். பாடநூலோ ஆறாம் வகுப்புக்கே உரியது. மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் நிற்கும் படியைக் கண்டறிந்து அங்கிருந்து தொடங்கியது. அந்த மையங்களில் பாதி நேரம் ஒரு பயிற்றுநர் சிறு குழுக்களாகப் பாடம் நடத்தினார் என்பதையும் சேர்த்தே இந்த முடிவைப் படிக்க வேண்டும். பிள்ளைகளை வயதை வைத்துப் பிரிக்காமல் நிலையை வைத்துக் கற்பிக்க உதவியபோது கணினி பலன் தந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் அது திண்ணைப் பள்ளியின் ஒரு கூறுக்குத் திரும்பிப் போவதும்கூட.

பள்ளியே தடை என்றவர்கள்

இரண்டாவது விடை இன்னும் தீவிரமானது. சமூகச் சிந்தனையாளர் இவான் இல்லிச் 1971-இல், கல்வியைப் பள்ளி என்ற நிறுவனத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்று எழுதினார். அதற்கு மாற்றாக அவர் முன்வைத்தது கற்றல் வலைகளை: ஒன்றைக் கற்க விரும்புபவரையும் அதே ஆர்வம் உள்ள இன்னொருவரையும் கணினி வழியே இணைப்பது, திறன் உள்ளவர்களின் பட்டியலை யாரும் அணுகும்படி வைப்பது. இணையம் பொதுவழக்காவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது என்பதை நினைத்தால் அந்தப் பக்கங்கள் வியக்க வைக்கின்றன.

இல்லிச்சின் கனவுக்குச் சோதனை வடிவம் கொடுத்தவராகக் கருதப்படுபவர் சுகதா மித்ரா. 1999-இல் டெல்லி கால்காஜியில் சுவரில் துளையிட்டு ஒரு கணினியைப் பொருத்தினார். அருகிலிருந்த குடிசைப் பகுதிப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே அதை இயக்கக் கற்றார்கள். இந்தக் கதையின் அடுத்த கட்டம் தமிழ் பேசும் ஊரில் நடந்தது. காளிக்குப்பம் என்ற மீனவர் கிராமத்தில், ஆங்கிலம் அதிகம் அறியாத பிள்ளைகள், கணினியில் ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியல் பாடங்களைத் தாமாகவே கற்க முடியுமா என்று அவரும் ரிது தங்வாலும் சோதித்தார்கள். 2010-இல் வெளியான முடிவின்படி, பிள்ளைகள் முதலில் அருகிலுள்ள அரசுப் பள்ளி மாணவரின் அளவை எட்டினார்கள். பின்னர் பாடம் தெரியாத, ஆனால் அன்போடு ஊக்கம் கொடுக்கும் ஒருவரைத் துணைக்கு வைத்தபோது டெல்லித் தனியார் பள்ளி மாணவர்களின் அளவை எட்டினார்கள்.

இந்த ஆய்வை ஆதரிப்பவர்கள் அதன் முதல் பாதியையே மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இரண்டாம் பாதியே முக்கியமாகப் படுகிறது. பக்கத்தில் அக்கறையுள்ள பெரியவர் ஒருவர் தேவைப்பட்டார். பாயல் அரோரா உத்தரகண்டில் இதே திட்டத்தின் கணினிகள் கைவிடப்பட்டுக் கிடந்ததை 2010-இல் பதிவுசெய்தார். கணினி யார் கையில் இருந்தது, பெண் குழந்தைகளுக்கு இடம் கிடைத்ததா, பழுதானால் யார் பார்த்தார்கள் போன்ற கேள்விகளைச் சுவரில் இட்ட துளையால் தீர்க்க முடியவில்லை. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பணியாற்றிய கென்டாரோ டொயாமா 2015-இல் இதைப் பொதுவிதியாகவே முன்வைத்தார்: தொழில்நுட்பம் ஏற்கெனவே உள்ள மனித ஆற்றலைப் பெருக்கும், இல்லாத ஆற்றலை உண்டாக்காது. நல்ல பள்ளியில் அது நன்மையைப் பெருக்கும். சிதைந்த பள்ளியில் சிதைவைப் பெருக்கும். டொயாமாவின் விதி எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. மைண்ட்ஸ்பார்க் முடிவுகள் அதற்கு ஓரளவு விலக்கு. இருந்தாலும் கிடைத்துள்ள பெரும்பாலான சான்றுகளோடு அது இசைகிறது.

மெதுவாக நடப்பதே கடமை என்றவர்கள்

மூன்றாவது விடை கேள்வியையே மறுக்கிறது. பள்ளி ஏன் காலத்தோடு ஓட வேண்டும்? அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1950-களில் எழுதிய கட்டுரையொன்றில், உலகத்துக்குப் புதிதாக வரும் குழந்தைக்கு அந்த உலகத்தை அறிமுகம் செய்வதுதான் கல்வி, ஆகவே அது இயல்பிலேயே பேணிக்காக்கும் தன்மை கொண்டது என்று வாதிட்டார். குழந்தையின் புதுமையைக் காப்பாற்றுவதற்காகவே பழையதைக் கற்றுத்தர வேண்டும் என்பது அவர் தர்க்கம்.

இதன் அறிவியல் வடிவம் அமெரிக்கக் கல்வியாளர் ஈ. டி. ஹிர்ஷிடம் இருக்கிறது. எல்லாம் தேடினால் கிடைக்கும்போது எதற்கு நினைவில் வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு, தேடுவதற்கே முன்னறிவு வேண்டும் என்று அவர் பதில் சொன்னார். 'ஒளிச்சேர்க்கை' என்ற கருத்தே தெரியாத பிள்ளை எதைத் தட்டச்சு செய்து தேடும்? தேடிக் கிடைத்த பத்து முடிவுகளில் எது பொருத்தம் என்று எப்படி அறியும்? ஒரு துறையில் ஏற்கெனவே அறிந்தவரே அத்துறையில் வேகமாகக் கற்கிறார் என்பதற்கு உளவியலில் வலுவான ஆதாரம் உண்டு. இணையம் அறிவின் தேவையைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது என்ற இந்த வாதத்தை இலகுவாகத் தள்ளிவிட முடியாது.

அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. எந்தப் பழைய அறிவு, யாருடைய அறிவு என்ற கேள்விக்கு இவர்கள் நடைமுறையிலிருக்கும் பாடத்திட்டத்தையே விடையாகக் காட்டிவிடுவதுண்டு. முன்னறிவு முக்கியம் என்பதும், பாடநூலின் பின்பக்க வினாக்களுக்கான விடைகளை எழுத்துப் பிசகாமல் எழுதுவது முக்கியம் என்பதும் வேறு வேறு. பின்னதைக் காப்பாற்ற முன்னதைத் துணைக்கு அழைப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது.

பெருந்தொற்று வைத்த சோதனை

இந்த மூன்று விடைகளையும் ஒரே நேரத்தில் உரசிப் பார்க்கும் நிலைமை 2020 மார்ச்சில் வந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகள் 2021 நவம்பர் வரை பள்ளியைப் பார்க்கவில்லை. 2019-இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இருந்தன. ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பினார்கள். ஆனால் 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில்; இணைய வசதி இருந்தது 14.9 விழுக்காட்டில். ஒரே கைபேசியை வேலைக்கு எடுத்துச் செல்லும் அப்பா, வீட்டில் மூன்று பிள்ளைகள் என்ற நிலையில் இணையவழி வகுப்பு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

ஊகத்தைத் தாண்டி அளவீடும் இருக்கிறது. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டின் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணிதத்தில் 0.7 திட்டவிலக்கமும் மொழியில் 0.34 திட்டவிலக்கமும் சரிவு. எளிதாகச் சொன்னால், கணிதத்தில் வகுப்பின் நடுவே நின்ற பிள்ளை கடைசிக் கால்பகுதிக்குள் போய்விட்டது. அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்தச் சரிவில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுகட்டப்பட்டுவிட்டது. மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தத் திட்டத்தில் செயலியின் பங்கு சிறியது. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை அருகே அமர்த்திச் சொல்லித்தந்தார்கள்.

கையில் இருக்கும் சான்றுகளில் பள்ளிக்குச் சாதகமான மிக வலுவான சான்று இது என்றே நான் கருதுகிறேன். பழையது, மெதுவானது என்று பழிக்கப்பட்ட ஏற்பாடு, ஆளும் இடமும் நேரமும் கொடுத்தவுடன் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தியது. அதேசமயம் இது பள்ளிக்கு நற்சான்றிதழும் அல்ல. தொற்றுக்கு முன்பே, 2018-இல் கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஏசர் அறிக்கையின்படி இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. 2022-இல் அது 42.8 விழுக்காடானது. சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு இணையம் என்பது காணொளியாக மட்டுமே இருக்கும். 2024 ஏசர் அறிக்கையில், கைபேசி இயக்கத் தெரிந்த 14-16 வயதினரில் 57 விழுக்காட்டினர் முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்காகப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு.

நகராதது தேர்வுத்தாள்

மேற்சொன்ன விவாதங்களில் பெரும்பகுதி கருவியையும் ஆசிரியரையும் சுற்றியே நடக்கிறது. அதைவிட ஆழமான தேக்கம் மதிப்பீட்டில் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதற்கு அருகருகே இருக்கும் இரு மாநிலங்களை ஒப்பிட்டால் போதும்.

தமிழ்நாடு மடிக்கணினி கொடுத்தது. உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களை அமைத்தது. ஆனால் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை கணினி தனித் தேர்வுப் பாடமாக அமையவில்லை. 2019-இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'காட்சித் தொடர்பு' என்ற பாடம் உண்டு. 'ஸ்க்ராட்ச்' நிரலாக்கம் அதில் அறிமுகமாகிறது. அந்தப் பாடத்துக்கும் பின்பக்க வினாக்கள் உண்டு. கணினியின் முன் உட்காராமலே அவற்றுக்கு விடை எழுதிவிடலாம். மடிக்கணினியும் பிளஸ் டூ மாணவரின் கைக்கு வந்தது. பொதுத்தேர்வில் அதற்கு எந்த வேலையும் இல்லாத கட்டம் அது. கேரளம் 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கி, கட்டற்ற மென்பொருளை அடிப்படையாக்கி, தகவல் தொழில்நுட்பத்தைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் பாடமாகவே வைத்தது. செய்முறைத் தேர்வு கணினியில் நடக்கிறது. தேர்வில் இருந்ததால் கால அட்டவணையில் இடம் கிடைத்தது. அட்டவணையில் இருந்ததால் ஆசிரியருக்குப் பயிற்சி கிடைத்தது. கேரளத்தின் கல்வி பற்றி வேறு குறைகள் சொல்லலாம். ஆனால் தேர்வு எதைக் கேட்கிறதோ பள்ளி அதைத்தான் கற்பிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அருகில் இல்லை.

அப்படியானால் தேர்வை மாற்றிவிடலாமே என்பது எளிதான பதில். அந்த எளிமை ஏமாற்றக்கூடியது. டென்மார்க் 2009-இல் மேல்நிலைத் தேர்வுகளில் மாணவர்கள் இணையத்தைப் பயன்படுத்தச் சோதனை முறையில் அனுமதித்தது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2014-இல் ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளில் புத்தகம் பார்த்து எழுதும் தேர்வைக் கொண்டுவந்து, எதிர்பார்த்த பயன் இல்லை என்று 2017-இல் கைவிட்டது. புத்தகத்தைத் திறந்து வைத்தாலும் கேள்வி பழைய கேள்வியாகவே இருந்தால் விடையும் பழைய விடையாகவே இருக்கும். புதிய வகைக் கேள்வி கேட்கவும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைத் திருத்தி மதிப்பிடவும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒரு தடையும் இருக்கிறது, அதற்கு நியாயமும் இருக்கிறது. ஒரே வினாத்தாள், ஒரே நாள், பெயர் மறைத்த விடைத்தாள், வேறு ஊரில் திருத்தம் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாட்டின் முதல் தலைமுறை மாணவர்கள் ஒரு பாதுகாப்பாகவே உணர்ந்திருக்கிறார்கள். எழுதியவரின் சாதி, ஊர், பேச்சு வழக்கு எதுவும் திருத்துபவருக்குத் தெரியாது. 2007-இல் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வை நீக்கி பிளஸ் டூ மதிப்பெண்ணையே அளவுகோலாக்கியபோதும் இந்த உணர்வுதான் பின்னணியில் இருந்தது. நேர்காணல், செயல்திட்டம், அகமதிப்பீடு ஆகியவை இணைய யுகத்துக்கு எவ்வளவு பொருத்தமானவை என்று வாதிட்டாலும், அவற்றில் வீட்டுப் பின்னணியும் ஆசிரியரின் விருப்புவெறுப்பும் நுழைய வாய்ப்பு கூடுதல். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து ஒட்டிய 'ப்ராஜெக்ட்' தாள்களே இணையம் நம் மதிப்பீட்டுக்குள் நுழைந்த முதல் வடிவம் என்பதை மறக்கக் கூடாது. பழைய தேர்வு மந்தமானது. ஆனால் பலருக்கு அது நம்பகமானது. சீர்திருத்தம் பேசுபவர்கள் இந்த நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுக்காமல் பேசுவது, எளியவர்களிடமிருந்து கேடயத்தைப் பிடுங்குவதில் முடியலாம்.

எதை நம்புவது என்ற பாடம்

இணையம் கொண்டுவந்த உண்மையிலேயே புதிய தேவை ஒன்று உண்டு: யார் சொன்னது, எதற்காகச் சொன்னது, வேறு யார் உறுதிசெய்கிறார்கள் என்று பார்ப்பது. பாடநூல் உலகத்தில் இது எழவில்லை. பாடநூலில் இருந்தால் சரி. மார்க் பிரென்ஸ்கி 2001-இல், இணையத்தோடு பிறந்த தலைமுறைக்கு இது இயல்பாக வரும் என்ற எண்ணத்துக்கு ஒரு பெயரும் வைத்துப் பரப்பினார். அந்த எண்ணம் நிலைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பெர்க் தலைமையிலான குழு 2016-இல் அமெரிக்காவின் 12 மாநிலங்களிலிருந்து 7,804 விடைகளைத் திரட்டியது. நடுநிலை வகுப்பு மாணவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், விளம்பரக் கட்டுரையைச் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அதே குழுவின் பிந்தைய ஆய்வில், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் ஒரு பக்கத்தை ஆழ்ந்து படிப்பதற்கு முன் அதைவிட்டு வெளியே போய், அதைப் பற்றிப் பிறர் சொல்வதைத் தேடுவது தெரியவந்தது. நல்ல வாசிப்பு என்று பள்ளி கற்பிக்கும் ஊன்றிப் படித்தலுக்கு இது நேர் எதிர்த்திசை. இதை நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரப் பள்ளிகளில் ஆறு பாடவேளைகளில் சொல்லித்தந்தபோது முன்னேற்றம் தெரிந்தது. ஃபின்லாந்து 2016-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் பல்வகை எழுத்தறிவை எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக்கியது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018-இல் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்திகளை இனங்காணும் வகுப்புகள் நடந்தன. புதிய கருவி வாங்காமலே செய்யக்கூடிய வேலை இது. பள்ளி பின்தங்கியிருக்கிறது என்ற குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்தும் இடம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதையே சொல்வேன்.

தீராமல் நிற்பவை

வகுப்பறையில் கைபேசி வேண்டுமா என்ற விவாதம் தடையை நோக்கிச் சாய்ந்துவருகிறது. பிரான்ஸ் 2018-இல் சட்டமே இயற்றியது. சுவீடன் 2023-இல் இளம் வகுப்புகளில் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பும் கொள்கையை அறிவித்தது. அதே ஆண்டு யுனெஸ்கோ அறிக்கை, கல்வித் தொழில்நுட்பத்தின் பயன் குறித்து நடுநிலையான சான்றுகள் குறைவு என்று எச்சரித்தது. வீட்டில் புத்தகங்களும் பல திரைகளும் உள்ள சுவீடன் பிள்ளைக்கும், வீட்டில் ஒரே திரை உள்ள நம் பிள்ளைக்கும் இந்த முடிவு ஒன்றாகப் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது.

மொழி இன்னொரு கேள்வி. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டியிருக்கிறது. அதன் பெரும்பகுதி தன்னார்வ உழைப்பு, போற்றத்தக்கது. ஆனால் பதினொன்றாம் வகுப்பு உயிரியலையோ பொருளியலையோ ஆழமாகப் படிக்க விரும்பும் தமிழ்வழி மாணவருக்கு இணையம் இன்னும் பாதி திறந்த கதவே. பள்ளி அவருக்கு ஆங்கில வாசிப்பைக் கொடுக்க வேண்டுமா, தமிழில் உள்ளடக்கத்தைப் பெருக்க வேண்டுமா என்பதில் கல்வியாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்று சொல்வது எளிது. ஆசிரியர்களும் பணமும் நேரமும் அளவோடுதான் உள்ளன. இருக்கும் ஆசிரியரின் நேரத்திலும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையத்தளத்தில் தரவு பதிவேற்றும் வேலை கணிசமாகப் பங்கு கேட்கிறது என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் முறையீடு. இணையம் நம் பள்ளிகளில் அலுவலக வேலையாக வந்த அளவுக்குக் கற்றலாக வரவில்லை என்ற அவர்களின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் பழைய கேள்விகள் கூர்மையடைந்திருக்கின்றன. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலை மாணவர்களிடம் நடந்த ஆய்வில், செயற்கை நுண்ணறிவின் துணையோடு கணக்குப் போட்டவர்கள் பயிற்சியின்போது மிக நன்றாகச் செய்தார்கள். துணையை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அந்தத் துணையே இல்லாமல் பயின்றவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி மாற்றிய வடிவத்தில் இந்தப் பாதிப்பு பெரிதும் குறைந்தது. ஹிர்ஷின் எச்சரிக்கைக்கும் மைண்ட்ஸ்பார்க்கின் நம்பிக்கைக்கும் இதில் ஒருசேரச் சான்று இருக்கிறது.

வரிசை பற்றிய கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. வாசிப்பு என்ற பழைய கடனை முதலில் தீர்த்துவிட்டுத் தேர்வைத் தொடலாம் என்பது ஒரு தரப்பு; தேர்வு மாறாதவரை வகுப்பறை உருப்போடுவதை விடாது, ஆகவே அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. முதலாவது, இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்கிறது. இரண்டாவது, மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இன்னும் கடினமான ஒரு தேர்வைத் தயார்செய்து வைக்கிறது. இவ்விரண்டையும் ஒரே பள்ளியில் ஒருசேரச் செய்துகாட்டி, சில ஆண்டுகள் தொடர்ந்து அளந்து பார்க்கும் முயற்சியை ஒரு மாநில அரசால்தான் எடுக்க முடியும். 220 கிராமங்களில் இழப்பையும் மீட்சியையும் அளக்க முடிந்த மாநிலத்தில் அதற்கான ஆட்களும் இருக்கிறார்கள், அனுபவமும் இருக்கிறது.